முகத்துவாரத்து மணல் திட்டு

என் கணவர் திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தார். சாரணர் படையும் அவர் பொறுப்புதான். எழுபதுகளில் ஒரு மே மாத விடுமுறையில், தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பள்ளியின் காக்கிக் கூடாரத்தை வாங்கி வந்து வீட்டுக்குள் விரித்துப் போட்டார். "பசங்களுக்குக் கடலக் காட்டலாம். மூணு நாளு அங்கயே தங்கிட்டு வரலாம்" என்றார். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. பொதட்டூர்பேட்டையில் பிறந்து வளர்ந்த நானும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

கிளம்புவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்களை நடக்கப் பழக்கினார். கோயில் மலைக்குப் படிக்கட்டு இருக்க, பின்பக்கம் கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒற்றையடிப் பாதையில் ஏற்றினார். குழந்தைகள் சளைக்கவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவர் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்று பார்ப்பார். உடம்பை வைத்துச் செய்கிற எதுவும் அவருக்குத் தெரியும் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று பஸ் மாறிப் பழவேற்காடு போய், படகில் ஏரியைக் கடந்து, கடற்கரையோரச் சவுக்குத் தோப்பில் கூடாரம் அடித்தோம். முதல் நாள் நன்றாகப் போனது. மகன் அலையைக் கண்டு என் புடவைக்குள் ஒளிந்தான். மகள் சிவப்பு நண்டுகளைத் துரத்தி ஓய்ந்தாள்.

இரண்டாம் நாள் காலையில் கரையோடு வடக்கே நடந்தோம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு அருகில் ஒரு மணல் திட்டு தெரிந்தது. அதற்கும் கரைக்கும் நடுவில் ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர். முழங்கால் ஆழம்தான். திட்டில் கிளிஞ்சல் குவிந்து கிடந்தது. குழந்தைகள் கேட்டார்கள், போனோம். பொறுக்கினோம், கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

திட்டின் ஓரத்தில் நான் கழற்றி வைத்த செருப்பைத் தேடினேன். காணவில்லை. அந்த இடமே தண்ணீருக்குள் போயிருந்தது.

"இன்னாங்க, தண்ணி ஏறிகினு கீது" என்றேன்.

"இடுப்பளவு இருக்கும். வா, போயிடலாம்" என்று மகனைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். பத்தடி போவதற்குள் தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. அவர் கால் தடுமாறியது. அப்படியே பின்னால் வந்து திட்டில் ஏறி மகனை இறக்கிவிட்டார். முகம் வெளுத்திருந்தது. குழந்தைகளுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார்: "எனக்கு நீச்சல் தெரியாது."

எனக்குத் தெரியும். எங்கள் கழனிக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி அண்ணன் கற்றுக்கொடுத்தது. கல்யாணமான பிறகு அதைப் பற்றி நான் பேசியதில்லை. பெண்பிள்ளை கிணற்றில் குதித்தாள் என்று மாமியார் வீட்டில் சொல்லிக்கொள்ளவா முடியும்.

"எனக்குத் தெரியும். சின்னவன மொதல்ல கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டினேன். மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். இது இழுத்தது. நான் நேராக நீந்த, அது என்னைப் பக்கவாட்டில் கொண்டுபோனது. மகன் தண்ணீரைக் குடித்து இருமினான். அவன் பிடி என் தொண்டையை நெரித்தது. நினைத்த இடத்துக்கு வெகு தள்ளித்தான் கரையேறினேன். கரையில் ஆள் யாரும் இல்லை. அவனை மேட்டு மணலில் உட்காரவைத்து, "அம்மா அக்காவ இட்டுனு வரேன், நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கினேன்.

திரும்பிப் போவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. அவர் கையை நீட்டி இழுக்கவில்லையென்றால் திட்டைத் தாண்டிப் போயிருப்பேன். திட்டு எங்கள் வீட்டுக் கூடம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மகள் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைச் சுமந்து இன்னொரு முறை கடக்க என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

அப்போது மகள் சொன்னாள், "நைனா, தம்பி வரான்."

எதிர்க்கரையில் அவன் எழுந்து, எங்களைப் பார்த்தபடி தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தான். கணுக்கால் வரை. பிறகு முழங்கால் வரை. நான் கத்தினேன். காற்று என் குரலைப் பின்னால் தள்ளியது. அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் வேகமாக வந்தான்.

என் கணவர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். வீட்டிலும் அவர் குழந்தைகளுக்கு விளையாட்டாக டிரில் வைப்பதுண்டு. ஒரு விசில் என்றால் நேராக நிற்க வேண்டும். இரண்டு என்றால் திரும்ப வேண்டும். ஒன்று ஊதினார். மகன் இடுப்பளவு தண்ணீரில் விறைப்பாக நின்றான். இரண்டு ஊதினார். திரும்பினான். பிறகு, நடக்கச் சொல்லும் விசிலை நிறுத்தி நிறுத்தி ஊதினார். இடது, வலது என்று கால் தூக்கி வைத்து அவன் கரைக்கு நடந்தான். மணலில் ஏறியும் நடந்துகொண்டே இருந்தான். அவர் ஊதிக்கொண்டே இருந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

விசில் சத்தம் கேட்டு ஏரிப் பக்கமிருந்து ஒரு படகு வந்தது. அதற்குள் எங்கள் முழங்காலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. மகள் அவர் தோளில் இருந்தாள். படகுக்காரர் வயதானவர். எங்களை ஏற்றிக்கொண்டு கழியை ஊன்றியபடி, "படிச்சவரு மாரி கீறீங்களே சார். யாரையாவது ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றார்.

"ஆங். கேட்டிருக்கணும்" என்றார் என் கணவர்.

கரையில் இறங்கி நான் மகனைத் தூக்கியபோது அவன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. "நைனா, நான் ஸ்டெப்பு தப்பாப் போட்டனா?" என்று கேட்டான். அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றே கூடாரத்தைப் பிரித்தோம். பஸ்ஸில் அவர் மகனோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் மகளோடு பின் சீட்டில். நீச்சல் தெரியாததை அவர் மறைத்தார் என்ற கோபம் எனக்கு. தெரிந்ததை நான் மறைத்தேன் என்ற எண்ணம் அவருக்கும் இருந்திருக்கலாம். கனகம்மாசத்திரத்தில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "கை வலிக்குதா?" என்றார்.

வலித்தது. ஒரு வாரம் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க மகளுக்கு அவர்தான் தலை பின்னிவிட்டார். ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தொங்கிப் போன ஜடையோடு அவள் தெருவெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தாள்.