போயிட்டு மறுபடி வாங்க

"போயிட்டு மறுபடி வாங்க."

கரும்பலகையை அழித்துக்கொண்டே சொன்னார் வகுப்பு நடத்தும் அம்மாள். ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்ததோடு சரி. உள்ளே வந்த மனிதர் நடு அறையில் தயங்கி நின்றார். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரு தொழிற்சாலையின் உதிரிபாக ஸ்டோரைக் கட்டிக் காத்தவர். ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். அந்த வயதில் புதிதாக வேலை கேட்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். அன்று முதலில் கதவைத் தட்டாமல் வந்தார். திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்து தட்டினார், ஆனால் பதில் வருவதற்குள் தலையை மட்டும் உள்ளே நீட்டிவிட்டார். இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். கதவு கிறீச்சிட்டதும் அதைத் தானே உடைத்துவிட்டவர் போல முகத்தைச் சுளித்தார். அதற்காகத் திரும்பவும் வெளியே.

"ஏங்க, இந்தக் கதவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாத்தான் என்னவாம்?" என்றது வெளியிலிருந்து குரல்.

"நீங்க போற எடத்துல எல்லாம் எண்ணெய் விட்டு வச்சிருப்பாங்களா? கதவு கத்துனா கத்தட்டும். உங்க முகம் கத்தக் கூடாது."

கதவக்கா என்று அவருக்குப் பெயர் வந்தது இப்படித்தான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்தார்கள். அவரைவிட மூத்தவர்களும் வாய் நிறைய "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். குள்ளமான உருவம், ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், சத்தமே கேட்காத ரப்பர் செருப்பு. பின்னால் வந்து நிற்பது தெரியாது. கூன் போட்டு உட்கார்ந்திருந்தால் முதுகில் ஒரு விரல் பட்ட பிறகுதான் தெரியும்.

அறை, ஒரு தொழிலாளர் நலச் சங்கத்தின் மாடி. கீழே சலவைக் கடை. காலையில் இஸ்திரி ஆவி ஜன்னல் வழியாக ஏறி வரும். மாலையில் சங்கத்து ஆட்கள் மேசைப்பந்து ஆடுவார்கள். அந்த மேசையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவக்கா நாற்காலிகளைப் போடுவார். அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். அதைப் பழுது பார்க்கவும் அவர் விடமாட்டார். வகுப்பில் யார் அதில் உட்கார்ந்து, ஆடாமல் அசையாமல் பதில் சொல்கிறாரோ அவருக்கு அன்று ஒரு சபாஷ் உண்டு. அவர் வாயிலிருந்து சபாஷ் வாங்குவது கல்லில் நார் உரிப்பது போல.

வருகிறவர்கள் வேலை தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்தவர்கள். வேலை போனவர்கள், பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்டுத் திரும்பி வர நினைக்கும் பெண்கள், படித்து முடித்தும் எவனும் கூப்பிடாதவர்கள். எல்லாருக்கும் ஒரே வியாதி என்பார் கதவக்கா. "நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டால் "ஏதோ ஒரு கம்பெனில, ஏதோ கணக்கு எழுதிட்டு இருந்தேங்க" என்பார்கள். அந்த "ஏதோ" அவருக்கு ஆகாது. கேட்டதும் கரும்பலகை டஸ்டரால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். சாக்பீஸ் தூள் பறக்கும்.

"ஏதோன்னு நீங்களே சொன்னா, எவனோன்னு அவன் நினைச்சுட்டுப் போறான்!"

ஒருமுறை, பேக்கரியில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "நிறைகுடம் தளும்பாதும்பாங்களே அக்கா, நம்ம பெருமையை நாமளே பேசலாமா?" என்று கேட்டுவிட்டார்.

"தளும்ப வேண்டாம்மா. மூடியையாவது திறங்க. நிறைகுடமா வெறுங்குடமான்னு பாக்க வர்றவன் என்ன ஜோசியனா?"

அவருடைய பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய தொழில் இருக்கிறது. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியை வீடு வீடாகப் போய் விற்றவர் அவர். முழங்கால் தேயும் வரை படியேறினார். "என் மூஞ்சியில சாத்தின கதவையெல்லாம் சேத்து வச்சிருந்தா ஒரு தெருவே கட்டியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். கதவைத் திறப்பவர் முதலில் பார்ப்பது கருவியை அல்ல, கொண்டுவந்தவரின் முகத்தைத்தான் என்பதை அங்கேதான் கற்றார். அதையே இங்கே கற்றுக்கொடுக்கிறார்.

தன்னைப் பற்றிப் பேச நாக்குக் கூசுகிறவர்களுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். யாரும் தன்னைப் பற்றிப் பேச வேண்டாம். பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றிப் பேசினால் போதும். "சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடி விசாரிப்பீங்கல்ல, அப்படி விசாரிங்க. எதையும் விடாதீங்க" என்பார். இருவர் இருவராக உட்கார்ந்து தோண்டித் துருவிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு ஒருவர் எழுந்து மற்றவரைச் சபைக்கு அறிமுகம் செய்து வைப்பார். என்ன அதிசயமோ, தன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேச முடியாதவர்கள் அடுத்தவரைப் பற்றி அருவியாகக் கொட்டினார்கள். இதில் கெட்டிக்காரர், கதவில் மாட்டிக்கொண்டு தவித்த அந்த ஸ்டோர்க்காரர்தான். முதல் ஆட்டத்திலேயே அந்தப் பேக்கரி அம்மாளைப் பற்றிப் பேசி, வகுப்பே அவருக்கு வேலை கொடுக்கத் தயாராகும்படி செய்துவிட்டார்.

வினை அங்கேதான் முளைத்தது.

ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலைக்கு ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டார்கள். காத்திருக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம் ஊர்க்கதை, வீட்டுக்கதை, வேலைக்கதை எல்லாம் விசாரித்துவிட்டார். பிறகு இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. ஸ்டோர்க்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். நாக்கு தனக்குத் தெரிந்த ஒரே பாதையில் ஓடியது.

"என்னை விடுங்க சார். இதோ இருக்காரே, இவரு லேசுப்பட்ட ஆளில்ல. கிடங்குக்குள்ள மழைத்தண்ணி புகுந்தப்போ, மேல இருந்து யாரும் சொல்லாமலே சரக்கையெல்லாம் மேல் தட்டுக்கு ஏத்தினவர். ஒரு மூட்டை நனையல சார்!"

அந்த ஆளுக்கே கண் கலங்கிவிட்டதாம். வேலை அவருக்குக் கிடைத்தது.

மறுநாள் இதைக் கேட்டு வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஸ்டோர்க்காரரும் கூடவே சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "வீட்டுல என்னக்கா சொல்றது? வேலை கிடைச்சிருச்சு, ஆனா எனக்கில்லைன்னா?"

கதவக்கா மட்டும் சிரிக்கவில்லை. "உங்க மேல தப்பில்லைங்க. பாதிக் கிணறுதான் தாண்ட வச்சிருக்கேன்" என்றார்.

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு இரண்டாம் பாதி சேர்ந்தது. அடுத்தவர் உங்களைப் பற்றிச் சொன்னதைத் தலை குனியாமல் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் எழுந்து, அதே வார்த்தைகளை "நான்" என்று தொடங்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தப் பாதியில்தான் ஆட்கள் திணறினார்கள். பேக்கரி அம்மாள் அழுதேவிட்டார். ஸ்டோர்க்காரர் "நான்" என்று ஆரம்பித்து, இருமி, தண்ணீர் கேட்டார். கதவக்கா அசையவில்லை. "தண்ணி அப்புறம். முதல்ல நான்." வாரக்கணக்கில் அரைத்த மாவையே அரைத்தார்கள். கடைசியில் ஒரு இரும்புச் சாமான் மொத்த வியாபாரியிடம் ஸ்டோர்க்காரருக்கு வேலை கிடைத்தது. "நாக்கு கூசுச்சுக்கா, ஆனாலும் விடல. என்னைப் பத்தி நானே பேசிட்டேன்" என்று சொல்ல, தன் விடுமுறை நாளில் மாடியேறி வந்தார்.

அவர் வந்த அன்றுதான் கதவக்காவே கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். அதுவரை வகுப்பு மாதத்துக்கு மாதம், இருந்தால் இருக்கிறது என்று நடந்துகொண்டிருந்தது. சங்கம் இப்போது அதை நிரந்தரமாக்கப் போகிறது. நிரந்தரமாகப் பயிற்சியாளர் ஒருவரை வைக்க வேண்டும். அதற்கு விளம்பரம், வெளியாட்கள் உட்காரும் நேர்முகத் தேர்வு எல்லாம் உண்டு. "நீங்களும் ஒரு விண்ணப்பம் போட்டு வைங்கம்மா" என்று செயலாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். பட்டமும் சான்றிதழும் வைத்திருப்பவர்கள் பலர் விண்ணப்பித்திருப்பது பிறகு தெரிந்தது. தான் உருவாக்கிய வகுப்பைத் தானே போய்க் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பழையபடி கருவியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். முழங்கால் அதற்குத் தாங்காது. அதைவிட, இந்த அறையை இன்னொருவரிடம் விட்டுப் போக அவருக்கு மனசே வரவில்லை.

வீட்டில் ஒத்திகை பார்த்தார். கணவர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்து, சீருடைகூடக் கழற்றாமல், மனைவிக்காக அதிகாரி போல உட்கார்ந்தார். "ம். உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"நான் வந்து... ஏதோ ஒரு கிளாஸ் எடுத்துட்டு இருக்கேன்..."

"எறங்கி மறுபடி ஏறு" என்றார் கணவர்.

சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அழுகையும் வந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய், தன் முறை வந்ததும் பூட்டிக்கொண்டது. ஸ்டோர்க்காரர் வந்திருந்த அன்று, இதை அவர் வகுப்பில் மறைக்கவில்லை. "எனக்கு வர மாட்டேங்குதுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடியது.

ஸ்டோர்க்காரர் எழுந்தார். ஒரு கணம் தயங்கிவிட்டுக் கதவைக் காட்டினார். "போயிட்டு மறுபடி வாங்கக்கா."

கதவக்கா எழுந்து வெளியே போனார். தட்டினார். வந்தார். ஸ்டோர்க்காரர் அவரை நடுவில் நிறுத்தி, வகுப்பைப் பார்த்துப் பேசினார்.

"இவங்களைப் பத்தி நான் சொல்றேன். ஆலை மூடின பிறகு, எங்க வீட்டுக்கு யாராவது வந்தா நான் பின்கட்டுக்குப் போயிடுவேன். எங்க வேலை பாக்குறீங்கன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம். சொந்தத் தம்பி வந்தப்பக்கூட ஒளிஞ்சுக்கிட்டேன். இவங்ககிட்ட வந்த பிறகு, வேலை கிடைக்கிறதுக்கு முந்தியே, நானே போய்க் கதவைத் திறக்க ஆரம்பிச்சுட்டேன். என்ன பண்றீங்கன்னு கேட்டா, வேலை தேடுறேன், எனக்கு இன்னின்ன தெரியும்னு நேரா பாத்துச் சொன்னேன். இதைப் பண்ணினது இவங்க. என்னை அனுப்பிச்சதுல ஒரு தப்பு நடந்தது. அதைத் தன் தலையில போட்டுக்கிட்டு, பாடத்தையே மாத்தினவங்க. இதுக்குப் பேரு ஏதோ ஒரு கிளாஸா?"

தலை குனியாமல் கேட்க வேண்டும் என்பது கதவக்கா போட்ட சட்டம். அதைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பிறகு அவர் "நான்" என்று தொடங்கினார். குரல் உடைந்தது. "மறுபடி" என்றார் பேக்கரி அம்மாள். மறுபடி தொடங்கினார். "கை எங்க இருக்கு?" என்று பின்வரிசை கேட்டது. கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்த கைகள் பிரிந்தன. கீழே சலவைக் கடைக்காரர் கதவடைக்கும் வரை விடவில்லை அவர்கள். குருவுக்குக் கொடுத்த மருந்தில் இரக்கத்தை ஒரு சிட்டிகைகூடக் கலக்கவில்லை.

நேர்முகத் தேர்வு அதே மாடியில், அதே அறையில். கதவக்கா சீக்கிரமே வந்து ஜன்னல்களைத் திறந்தார், தேர்வாளர்களுக்கு மேசை துடைத்தார், தண்ணீர் வைத்தார். மற்றவர்கள் மாடிப்படி பெஞ்சில் அவரவர் ஆடையை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் வீட்டு விசேஷத்தில் ஓடுகிறவர் போல நடமாடிக்கொண்டிருந்தார். ஆட்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். கடைசியில் இவரைக் கூப்பிட்டார்கள். தன் அறைதானே என்று கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவர், போகிற வழியில் கோணலாகக் கிடந்த நாற்காலியை நேராக்கினார்.

உள்ளே செயலாளரும் வெளியாட்கள் இருவரும். செயலாளர் அன்பாகத்தான் சிரித்தார்.

"இவங்க நம்ம ஆளுதாங்க. ரொம்ப நாளா இங்கதான் இருக்காங்க. ஏதோ, அவங்களால முடிஞ்ச அளவுக்குக் கிளாஸ் எடுத்துட்டு இருக்காங்க. உக்காருங்கம்மா."

கதவக்கா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகில் இருந்த கையை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார். நான் வந்த விதம் சரியில்லை."

வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அது வழக்கம்போலக் கத்தியது. உள்ளே மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே அவர் உள்ளங்கையைத் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு கதவைத் தட்டிவிட்டு, பதில் வரும்வரை நின்றார்.