ஷூ கடிக்குதா?

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே எக்ஸ்பிரஸ் சிஸ்டர்தான். இருபத்தாறு வருஷமாக ஆண்கள் வார்டில் நர்ஸ். யாராவது கூப்பிட்டால், மற்றவர்கள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் இவள் கட்டிலருகே நிற்பாள். சர்க்கரை வந்து பத்து வருஷமாகியும் அந்த நடை குறையவில்லை.

அன்று டியூட்டி முடிந்து ஷூவைக் கழற்றியபோது, மருந்துக் குப்பியின் தகர மூடி ஒன்று உள்ளேயிருந்து விழுந்தது. சாக்ஸில் ரத்தக் கறை. காலை ஏழு மணிக்குப் போட்ட ஷூ. அத்தனை நேரமும் மூடியை மிதித்துக்கொண்டே ஓடியிருக்கிறாள்; ஒன்றும் தெரியவில்லை.

அதே வார்டில் ஆறாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் படுத்திருந்தார். அவருக்கும் சர்க்கரை; புது ஷூ கடித்த கொப்புளத்தோடு வந்தவர். இப்போது இடது காலில் இரண்டு விரல் இல்லை. "வலியே இல்ல சிஸ்டர், அதான் கவனிக்கல" என்று கட்டு மாற்றும்போதெல்லாம் சொல்வார்.

மறுநாள் அவளைப் பரிசோதித்த டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டார். நாலு இடம்தான் தெரிந்தது.

"சர்க்கரையால நரம்பு மரத்துப்போச்சு. இனிமே உங்க கால் உங்களுக்கு எதுவும் சொல்லாது. நீங்கதான் தினமும் பாத்துக்கணும். காயம் ஆறினதும் முதல்ல ஷூவ மாத்துங்க."

கணவரிடம் அவள் மூச்சு விடவில்லை. அவர் டெய்லர்; ஒரு தும்மலுக்கே வீட்டை இரண்டாக்குகிற ஆள்.

இரண்டு வாரம் கழித்து, காயம் ஆறியதும் கடைக்குப் போனாள். விற்பனைப் பெண் வழக்கமான ஆறாம் நம்பரை மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கடிக்குதாக்கா?"

என்ன சொல்வது? ஒருவேளை கடித்தாலும் யாருக்குத் தெரியும்?

"இல்லம்மா" என்று சொல்லி வாங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் வீட்டுக்குள்ளேயே அரைமணி நேரம் நடந்துவிட்டுக் கழற்றினாள். இரண்டு சுண்டுவிரல் ஓரமும் சிவந்து கிடந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"என்ன ஆச்சு? கால்ல என்ன?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"இத்தன நாளா எங்கிட்ட மறைச்சியா?"

"நீங்க பயந்துடுவீங்கன்னுதாங்க..."

"இப்ப மட்டும் பயமில்லாமயா இருக்கேன்?"

உள்ளே போய், துணி வெட்ட அளவு வரையும் காக்கித்தாளைக் கொண்டுவந்து விரித்தார்.

"இது மேல நில்லு. உக்காந்தா சரியான அளவு வராது. நின்னாத்தான் பாதம் பரவும்."

இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டு வெட்டினார். தாளை ஷூவுக்குள் விட்டதும் இரு ஓரமும் மடங்கி எழும்பின.

"பாத்தியா? இவ்ளோ இறுக்கமா சட்ட தெச்சா, கஸ்டமர் என்னயே கிழிச்சிருப்பான்."

அவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

வெளியே போட்டு நடக்காததால் கடையில் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். தாளைப் போட்டுப் போட்டுப் பார்த்து பதினோரு ஜோடியைத் தள்ளினார் டெய்லர். உள்ளே விரல்விட்டுத் துழாவி, "இங்க தையல் உறுத்துது, வேணாம்" என்று இன்னொன்றையும் ஒதுக்கினார். கடைசியில் ஆண்கள் அலமாரியில் ஒன்று கிடைத்தது. பார்க்க அழகில்லை. ஆனால் தாள் மடங்காமல் படுத்தது, விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது, குதிகால் நழுவவில்லை.

"இது கடிக்குதாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"எனக்குத் தெரியாதும்மா. கால்ல உணர்ச்சி கம்மி." வெளி ஆளிடம் முதல் தடவையாகச் சொன்னாள்.

"அப்ப இங்கயே கொஞ்ச நேரம் நடங்க. கழட்டிப் பாத்துட்டு எடுத்துக்கலாம்."

அலமாரிகளுக்கு நடுவே நடந்தாள். கழற்றியதும் டெய்லர் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தில் விரல் விரலாகப் பார்த்தார். சிவப்பு எதுவும் இல்லை.

முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று பழக்கிக்கொண்டாள். மத்தியானம் ஒரு தரம் ஷூவைக் கழற்றி உதறிப் பார்ப்பாள்.

ஒரு நாள் வார்டில் அவசரம், பார்க்க மறந்துவிட்டது. பஸ்ஸில்தான் நினைவு வந்தது. வழி நெடுக நிம்மதியாக உட்கார முடியவில்லை. வீட்டு வாசற்படியிலேயே கழற்றிப் பார்த்தாள். பாதம் இரண்டும் சுத்தமாக இருந்தன. நம்பிக்கை வராமல் கணவரையும் பார்க்கச் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல. உள்ள வா" என்று அவர் சொன்ன பிறகுதான் எழுந்தாள்.