பத்மினியின் டிக்கியில் ஒரு தட்டல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு விஷயத்தில் நம்பிக்கை கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மற்றவர்களைக் கிண்டல் செய்கிற ஆள் நான். பூனாவில், மகர்பட்டாவில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை எனக்கு, யார் எதைச் சொன்னாலும் சரிபார்க்காமல் தலையாட்ட மாட்டேன். இதையும் எத்தனையோ தடவை சரிபார்த்துவிட்டேன். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று என் தம்பி சேகர் சொல்லிக்கொண்டு திரிகிறான். கேட்டு முடித்ததும் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் குடும்பத்துக்குக் கார் பைத்தியம். தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்து லாரி ஓட்டப் பூனாவுக்கு வந்தவர். அப்பாவுக்குக் கட்கியில் ஃபேக்டரி வேலை. கேம்ப் ஏரியாவில் ஒரு பார்சிக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது அவருடைய க்ரீம் கலர் பத்மினி காரை அப்பா வாங்கி வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராணி அதுதான். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினால் அம்மாவுக்கு அறை விழும். அம்மாவே சாத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நாங்கள் சாத்தினாலும் அவளுக்குத்தான் விழும்.

இவ்வளவு சொல்கிறேனே, அந்த வண்டியை நான் வெறுத்தேனா என்றால் இல்லை, உயிராக இருந்தேன். சோக்கை எந்த அளவு இழுத்தால் குளிர்காலத்தில் கிளம்பும் என்பது சேகரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பெண்பிள்ளை என்று பார்க்காமல் அப்பாவே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கியரை மாற்றும்போது சத்தம் வந்தால் முழங்கையில் ஸ்பேனரால் தட்டுவார், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று சேகரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கட்கி வீட்டில் வண்டி நிற்கிற இடம் ஒரு சந்து, பின்னால் காம்பவுண்டு சுவர். வெளியே போய்விட்டு வந்தால் ரிவர்ஸில்தான் உள்ளே ஏற்ற வேண்டும். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் நின்று வழி சொல்ல வேண்டும், அது எப்போதும் அம்மாதான். இங்கே ஊரெல்லாம் மராத்தியில் 'யேவு தே, யேவு தே', வரட்டும் வரட்டும் என்று கூவிவிட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் டிக்கியில் ஒரு தட்டு தட்டுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் தலைகீழ். ஒரு தட்டல் என்றால் வா, இரண்டு தட்டல் என்றால் நில். பட்டாளத்து லாரியில் அப்படித்தான் என்று தாத்தா சொல்வாராம், உண்மையோ பொய்யோ, அப்பாவுக்கு அது வேதம். அம்மா கண்ணாடி வளையல்தான் போடுவாள், அதனால் ஒவ்வொரு தட்டலோடும் ஒட்டினாற்போல் ஒரு கிலுக் கேட்கும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் அம்மா ஒன்று தட்டினாள், வண்டி வந்தது, இரண்டாவது தட்டக் கை தூக்குவதற்குள் அப்பா ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டார். அம்மா சுவரோடு சுவராக நசுங்கி நின்றாள். நான் வாசற்படியில் இருந்து பார்த்தேன். அப்பா வண்டியை முன்னால் எடுத்துவிட்டு இறங்கி வந்து, முதலில் பம்பரைத்தான் பார்த்தார். குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் கீழே கிடந்தவளைப் பார்த்து, "ரெண்டாவது எங்கடி தட்டின? கை இன்னா புடுங்கிக்கினு இருந்திச்சி?" என்றார். அம்மாவின் இடது இடுப்பு போனது. அதற்கப்புறம் சாகும்வரை சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள், சாய்ந்து நடந்தபடியே டிக்கிக்குப் பின்னால் போய் நின்றாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. பத்மினியில் கூட்டிப்போகலாம் என்று நான் சாவியை எடுத்தேன். "சேறும் சகதியுமா இருக்குது, சீட்டு நாசமாப் பூடும், ரிக்‌ஷா இட்டா" என்றார் அப்பா. அந்த மழையில், இரண்டு பக்கமும் சாரல் அடிக்கிற ரிக்‌ஷாவில், என் மடியில் சாய்ந்துகொண்டு போனாள் என் அம்மா, திரும்பி வரவில்லை. அப்பாவைக் கொன்றுபோட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது நிஜம். அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் நான் சொல்லப்போவது அந்த நாளைப் பற்றி இல்லை.

போன தசரா அன்று நடந்தது. ஒவ்வொரு தசராவுக்கும் எல்லோரும் கட்கியில் கூடி வண்டிக்குப் பூஜை போடுவோம். சாமந்தி மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சேகர் ரஞ்சன்காவிலிருந்து வந்திருந்தான், அங்கே கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் அவன். காலேஜில் படிக்கிற என் மகள் நித்யாவும் என்னோடு இருந்தாள். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் ஓட்டுவது நான். எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கோயில்வரை ஒரு சுற்று போய்விட்டு வந்தோம். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மாலை நாலு மணிகூட ஆகவில்லை.

ரிவர்ஸ் எடுக்க வேண்டும். தான்தான் வழி சொல்வேன் என்று அப்பா அடம்பிடித்தார். தொண்டையில் ஏதோ வளர்ந்து அவர் குரல் அப்போதே காற்றாகிவிட்டிருந்தது, வாக்கர் இல்லாமல் நிற்கவும் முடியாது. சேகர் வேண்டாம் என்றான். "உனுக்கு இன்னாடா தெரியும்" என்று மூச்சுக்காற்றில் திட்டிவிட்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் அம்மா நிற்கிற இடத்தில் நின்றார். சேகர் வாசலில் போனில் பேசப் போய்விட்டான். நித்யா சந்து முனையில் நின்றாள்.

பின் கண்ணாடி முழுக்க மாலை. எனக்கு எதுவும் தெரியாது, காதுதான். ஒரு தட்டல் கேட்டது, கொஞ்சம் பின்னால் போனேன். இன்னொன்று கேட்டது, இன்னும் கொஞ்சம் போனேன். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு வித்தியாசமும் படவில்லை என்பதைத்தான் நீங்கள் நம்ப வேண்டும். தட்டலோடு கிலுக் என்று கேட்டது. அந்த சீட்டில் உட்கார்ந்தால் எனக்குச் சின்ன வயதிலிருந்து கேட்கிற சத்தம் அதுதான், அது எப்படி வித்தியாசமாகப் படும்? நிதானமாக, ஒவ்வொன்றாக, வா, வா, வா என்று தட்டல் வந்துகொண்டே இருந்தது. கடைசியாக ஒன்று தட்டியதும் க்ளட்சை விட்டேன். நித்யா வீறிட்டாள்.

வண்டியை முன்னால் எடுத்துவிட்டு இறங்கி ஓடினேன். சேகரும் ஓடி வந்தான். அப்பா வளைந்துபோன வாக்கரோடு சுவரோரம் சரிந்து கிடந்தார், இடது இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சேகரும் நானும் முதலில் பம்பரைப் பார்த்தோம். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு கீறல்கூட இல்லை.

"பத்மினிலயே தூக்கிப்போட்டுப் போயிடலாமா?" என்றேன்.

"அரே, என்னக்கா நீ, ரத்தம் பாரு, சீட்டெல்லாம் போயிடும். ரிக்‌ஷா புடிச்சிட்டு வரேன் இரு" என்றான் சேகர். அப்பா அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நித்யா சொன்னாள். அவளுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். "தாத்தா தட்டவே இல்ல மம்மி. ரெண்டு ஹாத்தும்... கையும் வாக்கர்லயே இருந்துச்சு. சும்மா வாயைத் தொறந்து தொறந்து மூடினாரு. உங்களுக்கு ராஸ்தா சொல்றாருன்னு நெனச்சேன்." எனக்கு அப்போதுதான் அந்தக் கிலுக் ஞாபகம் வந்தது. அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சேகரிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. "வேணும்னே ஏத்திட்டு இப்போ அம்மா மேல பழி போடறியா? நீ பண்ணது, நீயே வெச்சுப் பாத்துக்கோ" என்றான். பத்மினியை மட்டும் அவன் பார்த்துக்கொள்கிறான், ஞாயிறுதோறும் வந்து துடைத்து பாலிஷ் போட்டுவிட்டுப் போகிறான். அப்பாவைப் பார்க்க வருவதில்லை.

அப்பா இப்போது கோந்த்வாவில் என் ஃபிளாட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி சக்கரம் வைத்த கட்டில், நாலு சக்கரத்துக்கும் பூட்டு உண்டு. தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நித்யா புகுந்து ஜன்னலைத் திறக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் போட்டோம். குரல் அடியோடு போய்விட்டதால், ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவார். ஒன்று தட்டினால் வா, இரண்டு தட்டினால் போதும், நில். அதை மட்டும் அவர் மறக்கவில்லை.

ஒரு நாள் மதியம் அவருக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய இரண்டு கையும் போர்வைக்குள் இருந்தன. பக்கத்து ரூமிலிருந்து நித்யா, "மம்மி, தாத்தா கூப்பிடறாரு, போய்ப் பாருங்க" என்றாள். நானும் கேட்டிருந்தேன். அவர் தலைக்குப் பின்னால், சுவர்ப் பக்கமிருந்து, ஒரு தட்டல், அதோடு ஒட்டிக் கிலுக். அப்பாவின் வாயில் சோறு அப்படியே நின்றது. போர்வைக்குள்ளிருந்து கையை உருவி இரண்டு தட்டினார். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி பின்னாலிருந்து ஒன்று கேட்டது. அவர் இரண்டு தட்டினார்.

இப்போது தினமும் கேட்கிறது. சக்கரங்களின் பூட்டை நானே காலால் மிதித்துப் பார்க்கிறேன், பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது, நித்யாவால் அதில் புக முடிந்த காலம் போய், இப்போது என் உள்ளங்கைகூட நுழையவில்லை. தட்டல் அங்கேயிருந்துதான் வருகிறது.

கட்டிலை நான் முன்னால் இழுத்துவிடலாம். அம்மா, போதும்மா என்று ஒரு வார்த்தை சொல்லலாம், நான் சொன்னால் அவள் கேட்பாள் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. எதையும் நம்பாத நான் இதை மட்டும் நம்புகிறேன். இன்று மதியமும் பின்னாலிருந்து ஒன்று கேட்டது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு இரண்டு தட்டினார், மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு. நான் அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.