கவிழ்த்து ஒட்டிய ஞானஸ்நான அட்டை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுப் பிட்டுப் பானையில் பிட்டு அவியவில்லை. என் மகள் லில்லியின் ஞானஸ்நான அட்டை அவிந்தது!

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்த நேரம் ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் எங்கள் ஒட்டுக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருதமுனையில் ஒரு ஸ்டோரில் நெசவுக்காரருக்கு நூல் நிறுத்துக் கொடுப்பது என் வேலை. நூல் பண்டலைச் சுற்றி வருகிற தடித்த பழுப்புத் தாளை எறிய எனக்கு மனம் வராது. அதை மடித்துத் தைத்துப் பெரிய கொப்பியாக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு நானும் மனைவி எஸ்தரும் லில்லியும் அதைச் சுற்றி உட்காருவோம். அந்தக் கிழமை கர்த்தர் செய்த நன்மை ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். அதற்கு அடையாளமாக ஏதாவது ஒட்ட வேண்டும்.

காய்ச்சல் மாறினால் மருந்துப் போத்தல் லேபல். மைத்துனர் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாக வந்தபோது அவருடைய பஸ் டிக்கெட். ஒரு வருஷம் மழை பெய்து கிணறு ஊறியது... அதற்கு எதை ஒட்டுவது? லில்லி ஒரு தவளைப் படம் கீறி ஒட்டினாள்.

ஜெபக் கூட்டத்தில் எழும்பி நின்று நாலு வார்த்தை சொல்ல எனக்கு வராது. பின்வரிசையைத் தேடிப் போய் உட்காருவேன். பசையும் தாளும் என்றால் கை தானாக ஓடும். ஆண்டவர் அதையும் கணக்கில் எடுப்பார் என்று ஒரு நம்பிக்கை.

அந்தக் கொப்பியின் முதல் தாளில்தான் லில்லியின் ஞானஸ்நான அட்டை. அதன் ஒரு பக்கத்தில் நல்ல மேய்ப்பன் படம் — தோளில் ஆட்டுக்குட்டி, பின்னால் பச்சைப் புல், எல்லாம் கலரில். மறுபக்கத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், அந்தக் காலத்துப் போதகரின் கையெழுத்து. நான் எந்தப் பக்கத்தை மேலே வைத்து ஒட்டியிருப்பேன்?

படத்தைத்தான்! எழுத்துப் பக்கம் முழுவதும் பசை பூசி, மூலை எழும்பக்கூடாதென்று மூலைகளுக்கு இன்னும் கொஞ்சம் அப்பி, கவிழ்த்து வைத்து அழுத்தினேன். பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது.

பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு லில்லிக்கு ஆசிரியர் கலாசாலையிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சை; பிறந்த நாளுக்கு அத்தாட்சி கட்டாயம் வேண்டும்.

அங்கேதான் எனக்கு வியர்த்தது. லில்லி பிறந்தது கோமாரியில், வீட்டில். பிறப்புப் பதிவுகாரருக்கு முன்னால் போய் நிற்கக் கூச்சப்பட்டு, நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நாளைக் கடத்திய மனிதன் வேறு யார்? நான்தான். இனிப் பதிவதென்றால் மாதக்கணக்காகும்.

திங்கட்கிழமை போதகரிடம் ஓடினேன். அவர் பழைய பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். பாதியைக் கறையான் தின்றிருந்தது. லில்லி அந்தப் பாதியில் இருந்தாள்.

"ஞானஸ்நானம் குடுக்கக்குள்ள ஒரு அட்டையும் குடுத்திருப்பாங்களே?" என்றார் போதகர். "அதில பழைய பாதிரி ஐயருட கையெழுத்து இருந்தாப் போதும். அதைப் பாத்து நான் புதுசா சர்ட்டிபிக்கற் எழுதித் தாறன். கொண்டாங்க."

கொண்டு வரலாம். எப்படி? கொப்பியோடா?

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் நனைத்து, கத்தி முனையை விட்டுப் பார்த்தேன். மேய்ப்பனின் பாதம் கிழிந்து வந்தது. எஸ்தர் கத்தியைப் பறித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்க, நீங்க இனி இதைத் தொடவேண்டாம். தொட்டா புள்ளைட பேரும் கிழியும்."

லில்லி கிழிந்த துண்டைப் பொறுக்கிக் கொப்பிக்குள் வைத்தாள். இரண்டு வருஷம் இந்தப் பரீட்சைக்காகப் படித்தவள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை ஸ்டோருக்கு ஹாஜரா ராத்தா நூலெடுக்க வந்தார். ராத்தா என்றால் அக்கா; மூன்று தறி ஓட்டுகிறவர். வாயும் தறி மாதிரித்தான்.

"என்ன தம்பி, நூல நிறுக்கிறீங்களா, மையித்த நிறுக்கிறீங்களா? முகம் செத்துப்போய்க் கிடக்கு." மையித்து என்றால் பிணம்.

"ஒண்டுமில்ல ராத்தா."

"ஒண்டுமில்லாமலா எனக்கு ரெண்டு கட்டு நூல் கூடப் போட்டிரிக்கீங்க? செல்லுங்க, என்ன விசயம்?"

சொன்னேன். முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அல்லாவே! பெத்த புள்ளைட பேரைக் கவுத்து ஒட்டின வாப்பாவ இப்பதான் காணுறன். பசை என்னத்துல காச்சின நீங்க?"

"கோதம்ப மாவுல. பூச்சி வராம கொஞ்சம் துருசும் போட்டன்."

"அப்ப அது எங்கட பாவுக் கஞ்சிதானே தம்பி!" ராத்தாவின் சிரிப்பு நின்றது. தறியில் நீட்டிக் கட்டுகிற பாவு நூலுக்கு அவர்கள் கஞ்சி பூசித்தான் விறைப்பாக்குவார்கள். "கஞ்சி கூடி நூல் ஒண்டோட ஒண்டு ஒட்டினா நாங்க கத்தியா வைக்கிற? ஆவி காட்டித்தான் பிரிக்கிற. தண்ணியும் வேணாம், கத்தியும் வேணாம். பின்னேரம் அசர் தொழுதிட்டு வாறன். அதுக்கிடையில உங்கட கைய வைச்சிராதீங்க!"

எல்லாருக்கும் என் கையில் அவ்வளவு நம்பிக்கை.

சொன்னபடி வந்தார். நேரே குசினிக்குள் போனார். "மகள், பிட்டுப் பானைய அடுப்புல வைங்க" என்று எஸ்தரிடம் சொன்னார். கொப்பியோடு ஆவி பிடிக்க முடியாது. முதல் தாளை வெட்டி எடுக்க வேண்டும். அந்தத் தாளின் பின்பக்கத்தில் எங்கள் கலியாணத்துக்கு வந்த ஒரேயொரு தந்தி ஒட்டியிருந்தது. நான் கத்தரிக்கோலோடு தயங்கினேன்.

"கலியாணம் எங்கயும் ஓடாது. விடுங்க" என்று சொல்லி எஸ்தரே வெட்டிவிட்டாள்.

பானையில் ஆவி கிளம்பியது. ராத்தா "பிஸ்மில்லாஹ்" என்றார். அதே நேரத்தில் எஸ்தர் "இயேசப்பா" என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேலையைப் பார்த்தார்கள்.

தாளை ஆவிக்கு மேலே பிடிப்பதும் எடுப்பதுமாக, பிடிப்பதும் எடுப்பதுமாக... அறுந்த இழையை எடுக்கிற மெல்லிய மூங்கில் சீவல் ஒன்றை ராத்தா கொண்டு வந்திருந்தார். அதை ஓரத்தில் மெல்ல விட்டார். பசை இளகியது. அட்டை ஒரு விரல் அளவுக்கு எழும்பியது.

"கறுப்பா ஏதோ இரிக்கு. எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், இது தெரியா. புள்ள, நீங்க பாருங்க."

லில்லி குனிந்தாள். "மாமி... என்ட பேர்! பிறந்த தேதியும் இருக்கு! வருசமும் இருக்கு!"

"கையெழுத்து?" என்று நான் கேட்டேன்.

கையெழுத்து கடைசி மூலையில். நான் இரட்டிப்பாகப் பசை அப்பிய மூலை. அது அசையவில்லை. ராத்தா இழுக்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. விறகைத் தள்ளச் சொன்னார். இன்னொரு தடவை ஆவி. இன்னொரு தடவை. அவர் நெற்றி வியர்வை அட்டையில் விழாமல் எஸ்தர் தன் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே நின்றாள். நான் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் என்ன சொன்னேன் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும்.

மெல்ல... மெல்ல... மூலை கழன்றது!

கையெழுத்தின் வால் மட்டும் பழுப்புத் தாளில் தங்கிவிட்டது. மற்றதெல்லாம் முழுசாக இருந்தது. லில்லி ராத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். ராத்தா, "அழாதீங்க மகள், கண்ணீர் பட்டா மை கரையும், பொறகு நான் ஒண்டும் செய்யேலா" என்றார். அப்போதுதான் எங்கள் வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

போதகர் கையெழுத்தைப் பார்த்தார், தலையாட்டினார், சர்ட்டிபிக்கற் எழுதினார். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் லில்லியும் நானும் போனோம். அத்தாட்சியைக் கேட்டார்கள், கொடுத்தாள். கேள்வி கேட்டார்கள், வெளியே வாங்குப் பலகையில் இருந்த எனக்குக் கேட்கும்படி கணீரென்று பதில் சொன்னாள். அவள் என்னைப் போல இல்லை. கர்த்தருக்குத் தோத்திரம்!

நான் யோசித்துப் பார்க்கிறேன்... நாங்கள் எல்லாரும் படத்தைத்தானே மேலே வைக்கிறோம்? பார்க்க வருகிறவர் மெச்ச வேண்டும். எங்கள் பெயரும், எங்களுக்காக ஒருவர் கையெழுத்து வைத்த இடமும் பசைக்குள் கிடக்கின்றன. ஆனாலும் அழியாமல் கிடக்கின்றன. ஆவி காட்டிப் பொறுமையாகப் பிரிக்க ஒரு அயலாள் கிடைத்தால் போதும்.

முந்தநாள் தபால்காரர் மணியடித்தார். லில்லி தெரிவுபெற்றிருக்கிறாள்! எஸ்தர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மருதமுனைக்கு ராத்தாவிடம் செய்தி சொல்ல ஓடினாள். நானோ பழக்க தோஷத்தில் மாவையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு, "இந்தக் கடிதத்தை ஒட்டுவோமா மகள்?" என்று கேட்டேன்.

லில்லி கடிதத்தை றங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவியை எங்கே வைத்தாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை!