நாலு போத்தல் கடல்

அந்தக் கடலின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அது கடலா ஏரியா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியிலேயே நாலு நாட்டு வழக்கறிஞர்களுக்குத் தலை நரைத்துவிட்டது. சுற்றிவர நிலம், நடுவில் உப்புத் தண்ணீர், கரையில் நாலு நாடுகள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்தில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில், ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடத்தில் நான் தண்ணீர் பரிசோதிக்கிறேன். வீட்டுக் கிணறு, நீச்சல் குளம், கோழிப்பண்ணைக் குட்டை என்று எங்களிடம் வருவதெல்லாம் அடக்கமான தண்ணீர்கள். நாலு நாடுகளும் சேர்ந்து தங்கள் கடலைக் காப்பாற்றுவதென்று தீர்மானித்தபோது, எந்தப் பக்கமும் சாராத ஓர் ஆய்வுகூடம் தேவைப்பட்டது. பெயர்பெற்ற இடங்கள் ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் மறுத்தார். எங்களைப் பற்றி எவரும் கேள்விப்பட்டதில்லை, ஆகவே எவருக்கும் ஆட்சேபமும் இல்லை. என் முதலாளி, கியூபெக்காரர், இதைத் தன் திறமைக்குக் கிடைத்த உலக அங்கீகாரம் என்று எடுத்துக்கொண்டார். அன்றுமுதல் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வேலைக்கு வரத் தொடங்கினார்.

ஏற்பாடு எளிமையானதுதான். கடலின் நடுவில் குறிக்கப்பட்ட ஓரிடத்தில், ஒரே வாரத்தில், நாலு நாட்டு விஞ்ஞானிகளும் தண்ணீர் எடுத்து எங்களுக்கு அனுப்ப வேண்டும். எல்லோரும் ஒரு படகில் போயிருக்கலாம். யாருடைய படகு என்பது முடிவாகவில்லை. எனவே நாலு படகு, நாலு போத்தல்.

பொதிகளை வாங்கிப் பதிவு செய்பவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இங்கே போத்தல் கழுவியே ஓய்வு வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். நானும் யாழ்ப்பாணம் என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் தமிழ்தான். போத்தல்கள் வந்த காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நாடுகளை அகர வரிசையில வைக்கச் சொல்லி எழுதியிருக்கினம். இங்கிலிஷிலயோ, பிரெஞ்சிலயோ?"

"ரெண்டும் ஒண்டுதானே அண்ணை?"

"இல்லை. இங்கிலிஷில முதல் நிக்கிறவர் பிரெஞ்சில கடைசியாப் போறார்."

முதலாளி பதறிப்போய், மொன்றியல் டவுன்டவுனில் இருந்த, நாலு நாடுகளின் பேச்சுவார்த்தைக் குழு அலுவலகத்துக்கு எழுதினார். ஒரு கிழமை பதில் இல்லை. கடைசியில் அண்ணை வீட்டிலிருந்து, சாப்பாட்டு மேசையில் சோஸ் போத்தல் வைக்கிற சுழலும் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நாலையும் அதில் வட்டமாக வைத்தார்.

"இனி ஆரும் முதலில்லை, ஆரும் கடைசியில்லை" என்று ஒருதரம் சுற்றிவிட்டார். உலக சமாதானத்துக்கு எங்கள் ஆய்வுகூடம் செய்த பங்களிப்பில் அதைவிடப் பெரியது எனக்கு நினைவில்லை.

பிறகு பரிசோதனை. முதலாவது போத்தலில் உப்பே இல்லை. மீட்டர் பழுதென்று நினைத்து மூன்று தரம் அளந்தேன். ரொக்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவதில் உப்பு சரி, ஆனால் ஒரு தூசி துரும்பு கிடையாது. கரை நெடுக எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிற நாட்டின் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. மூன்றாவது நாடு மற்ற மூவரிடமும் நட்டஈடு கேட்கும் எண்ணத்தில் இருந்திருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் பெற்றோல் நிலையத்தில் நிற்பதுபோல மணத்தது. நாலாவது மட்டும் ஒரு கடல் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அதனாலேயே அதை நம்பப் பயமாக இருந்தது.

ஒரே இடம், ஒரே வாரம், நாலு கடல். அப்படியே எழுதி முதலாளியிடம் கொடுத்தேன்.

அவர் வாசித்துவிட்டுக் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "முரண்பாடு என்ற சொல் வேண்டாம். அவர்கள் சமாதானத்துக்கு வருகிறார்கள். பன்முகத்தன்மை என்று போடு."

போட்டேன். 'மாதிரிகள் இக்கடலின் வளமான பன்முகத்தன்மையைக் காட்டுகின்றன' என்ற வசனம் என்னுடையதுதான். வீட்டுக் கடன் இருந்தது, குளிர்காலம் வந்துகொண்டிருந்தது, எனக்கும் சமாதானம் பிடிக்கும் என்று எனக்கு நானே மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது காரணம் எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை.

அறிக்கை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கையெழுத்திட மொன்றியலுக்கு வந்தவர்கள், ஒரு பஸ் பிடித்து எங்களையும் பார்க்க வந்தார்கள். சுழலும் தட்டின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். தட்டைச் சற்றுத் தன் பக்கம் திருப்ப ஒருவர் கையை நீட்டினார். அண்ணை ஒரு விரலால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போனபின், விஞ்ஞானி ஒருத்தி என்னிடம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். முதலாவது போத்தலின் நாடு.

"உண்மையில் எங்கள் தண்ணீர் எப்படி இருந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அது குழாய்த் தண்ணீர்" என்றேன்.

"தெரியும். நான்தான் பிடித்தேன். எங்கள் கடற்படை என்னைக் கடலுக்குப் போக விடவில்லை. போத்தல் வராவிட்டால் என் வேலை போய்விடும். துறைமுக ஹோட்டல் குளியலறையில் நிரப்பினேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது போத்தலின் விஞ்ஞானி, தாடிக்காரர், கோப்பியோடு திரும்பி வந்திருந்தார். "எங்களுடையது கடல்தான். ஆனால் நாலு தரம் வடிகட்டச் சொன்னார்கள்" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுடைய நாடுகள் அந்தக் கடலில் போர்க்கப்பல் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. அவள் முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். இருவரும் வெளியே போய், ஆய்வுகூடத்துக்கு முன்னால் ஓடும் கால்வாயின் கரையில், மேலங்கியை மறந்துவிட்டு, வெகுநேரம் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

"லவ்வோ?" என்று ஜன்னலால் பார்த்தபடி அண்ணை கேட்டார்.

"இல்லை அண்ணை. உண்மை கதைக்கினம்."

"அது அதைவிட ஆபத்தெல்லோ."

கையெழுத்தான ஒப்பந்தத்தில், நாலு நாடுகளும் கடலை என்றென்றும் காப்பதாகவும், எப்படிக் காப்பதென்று அடுத்த வருடம் கூடிப் பேசுவதாகவும் இருந்தது.

வசந்தத்தில் ஒரு பொதி வந்தது. உள்ளே ஒரே ஒரு போத்தல், லேபலில் இரண்டு கையெழுத்து. ஒரு மீன்பிடிப் படகில் இரண்டு பேரும் சேர்ந்து போய் எடுத்திருந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தண்ணீரில் எண்ணெய், ஈயம், உரம் எல்லாம் இருந்தன. மூன்று நாள் வேலை செய்து, இலக்கங்களை அப்படியே எழுதினேன். இந்த முறை முதலாளியிடம் காட்டுவதற்கு முன்பே நாலு நாட்டுக்கும் அனுப்பிவிட்டேன். அவர் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. நான் செய்தது துணிச்சல் என்று சொல்லமாட்டேன். வெட்கம் அளவு கடந்தால் அதுவும் சிலநேரம் வேலை செய்யும்.

நாலு நாடுகளும் அறிக்கையை முதலில் கண்டித்தன. பிறகு அதில் உள்ள எண்ணெய் பக்கத்து நாட்டுடையதென்று நிறுவ நாலும் தனித்தனியே புறப்பட்டன. நிறுவுவதற்குக் கூடுதல் தண்ணீர் தேவைப்பட்டது. சேர்ந்து போய் எடுத்துப் பழகியவர்கள் அந்த இரண்டு பேர்தான் இருந்தார்கள். அப்படித்தான், யாரும் விரும்பாமல், கூட்டு அளவீடு ஒன்று பிறந்தது. அடுத்த வருடப் பிரகடனத்தில் 'எமது தலைவர்களின் தொலைநோக்கில் உதித்த கூட்டுப் படகு' என்று நாலு நாடுகளும் அதைத் தமதாக்கிக்கொண்டன. இரண்டு விஞ்ஞானிகளின் பெயரும் எங்கும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு எழுதினேன்: "இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறாய்?"

இரண்டு நாள் கழித்து ஒரு படம் வந்தது. படகின் விளிம்பைப் பிடித்தபடி அவளும் தாடிக்காரரும் கடலுக்குள் குனிந்து நிற்கிறார்கள், முதுகு மட்டும் தெரிகிறது. கீழே எழுதியிருந்தாள்: "இன்று அலை பெரிது. இரண்டு பேரும் வாந்தி. ஆனால் தண்ணீர் எடுத்துவிட்டோம், செவ்வாய்க்கிழமை உனக்குக் கிடைக்கும்."