மூக்குச் சதைக்காக அன்னூரிலிருந்து காந்திபுரத்துக்கு

"தூங்கறப்ப எதுலீங்க டீச்சர் மூச்சு உடுவீங்க?"

ஆறாம் வகுப்பில் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள். கேலி இல்லை, உண்மையான சந்தேகம். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நான் பாடத்தை நிறுத்தி வாயால் மூச்சு வாங்குவதை அவள் கவனித்திருக்கிறாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது நிறுத்தாமல் பாடம் நடத்த வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அது 1996.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, அன்னூரில் காலை ஆறேகால் பஸ். கோவை காந்திபுரத்துக்கு முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஜன்னலோரம் உட்கார்ந்தும் பயனில்லை. காற்று முகத்தில் அடித்ததே தவிர மூக்குக்குள் நுழையவில்லை. சரவணம்பட்டி வந்ததும் கைப்பையிலிருந்த சொட்டு மருந்தை விட்டுக்கொண்டேன். "அது இல்லாம உனக்கு ஒரு ஸ்டாப்பிங் தாண்டாது" என்றார் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர். அவர் நூல் மில்லில் மேஸ்திரி.

காந்திபுரத்தில் காது மூக்கு டாக்டரம்மா விளக்குப் போட்டுப் பார்த்தார். மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்ற சதை மடிப்பு எல்லோருக்கும் உண்டு. எனக்கு அது வீங்கிவிட்டது. வீட்டு நடையில் இருபுறமும் நெல் மூட்டை அடுக்கினால் ஆள் எப்படிப் போவது, அந்த மாதிரி. சொட்டு மருந்து எத்தனை நாளாக என்று கேட்டார். நாலு வருடம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது சில நாளைக்கு மட்டும் விட வேண்டிய மருந்தாம். அதற்கு மேல் போனால் அந்த மருந்தே சதையை வீங்க வைக்குமாம். அதை நிறுத்தி, வேறு ஸ்பிரே கொடுத்து அனுப்பினார்.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வீக்கம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் போதவில்லை. மே மாதம் மறுபடி போனோம். ஆபரேஷன்தான் என்றார். "அப்ப முழுசா எடுத்துருங்க, மறுபடி வளரவே கூடாதுங்க" என்றேன்.

மாட்டேன் என்று தலையாட்டினார். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அந்தச் சதைதான், முழுதும் போனால் மூக்கு காய்ந்து புண்ணாகிவிடும் என்றார். நான் விடவில்லை. அப்போது வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்க மில்லுல காத்துல ஈரம் கொறைஞ்சா நூலு அந்துபோயிருமுங்க. அந்த மாதிரிங்களா?"

"அதேதானுங்க. டீச்சரம்மாவுக்கு நீங்களே சொல்லிப் புரிய வெச்சுப்போட்டீங்க."

உதாரணம் சொல்வது என் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். பாதி குறைத்தால் போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

மயக்கத்தில் எதுவும் தெரியவில்லை. கஷ்டம் பிறகுதான். இரண்டு நாள் மூக்கு முழுக்கத் துணி அடைத்திருந்தார்கள், எச்சில் விழுங்கினால் காது அடைத்தது. அதை உருவியதும் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று எதிர்பார்த்தேன். புண்ணும் வீக்கமுமாக முன்பைவிட மோசமாக அடைத்தது. சில வாரம் அப்படித்தான் இருக்கும், உப்புத் தண்ணீரால் கழுவுங்கள் என்றார்கள்.

வீடு திரும்பக் காந்திபுரத்தில் நின்றபோது தாங்கவில்லை. எதிரே மருந்துக்கடை. கால் தானாகப் போய்விட்டது. கடைக்காரர் பழைய சொட்டு மருந்தை எடுத்து வைத்தார். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். இதை மூக்கில் விட்டால் வெட்டிய சதை திரும்ப வீங்கும் என்று எனக்கே தெரியும். "வேண்டாமுங்க" என்று நகர்த்தி வைத்தேன். அன்னூர் வரை வாயால்தான் மூச்சு.

ஜூனில், பள்ளி திறந்த இரண்டாம் வாரம், பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க நிறுத்தாமல் வாசித்தேன். முன் பெஞ்சுக்காரி இப்போது ஏழாம் வகுப்பு. நான் வாசித்து முடித்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "வாயை மூடிட்டீங்க டீச்சர்" என்றாள்.

இதே வேலையாகக் கோவை கிளம்புகிறவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். திரும்பும் வழியில்தான் தேவைப்படும். எவ்வளவு எடுப்பார்கள் என்பதோடு எவ்வளவு விட்டுவைப்பார்கள் என்றும் கேளுங்கள். கிளம்பும் முன்பே ஒன்று செய்யலாம்: உங்கள் பையிலிருக்கும் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து, அந்த மருந்தை முதன்முதலில் விட ஆரம்பித்த தேதியை அதன் மேல் எழுதிப் பாருங்கள்.