பெட்டி மாஜரின்

வெண்ணெய்க்குப் பதிலாகப் பாணில் பூசும் பெட்டி மாஜரின் நாக்கில் கரையாது. மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டிக்கொண்டு நிற்கும். சுடச்சுடத் தேத்தண்ணி குடித்தால்தான் இறங்கும். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் தண்ணீராய்க் கிடக்கிற நெடுந்தீவு வெக்கையிலும், கடைக்காரர் கத்தியால் வெட்டி வைத்த அந்த மஞ்சள் கட்டி விளிம்பு மழுங்காமல் நிற்கும். "வெயிலுக்கே அசையாத சாமான், உடம்புக்கு எவ்வளவு பலம் குடுக்கும்" என்று ஊரில் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. சண்டை நின்று பாதை திறந்து, தெற்கிலிருந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய காலம். அப்பா இறங்குதுறையில் வந்திறங்கும் கடைச் சாமான்களை "லான்ட்மாஸ்ரரில்" ஏற்றிக்கொண்டுபோய் ஊர்க் கடைகளில் இறக்கிப் பறிப்பவர். அது கையால் சுழற்றி ஸ்ரார்ட் பண்ணுகிற சின்ன உழவு மெசின். பின்னால் பெட்டி பூட்டியிருக்கும். ஒரே சுழற்றில் அதைக் கிளப்பக்கூடியவர் அப்பா. நல்ல உயரம், நல்ல பாரம். சுருட்டுப் பிடிப்பார். பேச்சுக் குறைவு.

அந்த வருசம் தலைச்சுற்று வந்து யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போனார். பிறசர் இருக்கிறது, சீனி இருக்கிறது, இரத்தத்தில் கொழுப்பும் கூட என்று சொல்லிவிட்டார்கள். தேங்காயைக் குறைக்க வேண்டும், பொரித்ததைக் குறைக்க வேண்டும், சுருட்டை விட வேண்டும். கூடப் போன அம்மாவின் காதில் விழுந்தது தேங்காய் மட்டும்தான். சுருட்டு ஆம்பிளையின் விசயம், தேங்காய் குசினியின் விசயம். தன் கைக்குள் இருப்பதை அம்மா இறுக்கிப் பிடித்தார். அடுத்த நாளே தேங்காய் திருவுகிற திருவலையைத் தூக்கிப் பக்கத்து வீட்டுச் செல்வமக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் இருந்தால் கை தானாகப் போகுமாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வருத்தம் என்றால் அந்தக் குசினிக்குள் மீன் வராது. வீடு சைவமாகிவிடும். சைவமான எதுவும் வருத்தக்காரனுக்குக் கெடுதல் செய்யாது என்று அம்மா நம்பினார். அம்மா மட்டுமல்ல, ஊரே நம்பியது. ஆகவே மீனும் இல்லை, தேங்காயும் இல்லை. தேங்காய்ப்பூ இல்லாத புட்டை அப்பா இரண்டு வாய் தின்றுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். ஒரு மாதத்தில் கழுத்தெலும்பு தெரிந்தது. ஆளைப் பட்டினி போட்டே கொல்லப்போகிறேனோ என்று அம்மா பயந்தார்.

அந்த நேரத்தில்தான் மாஜரின் பெட்டி வந்தது. அப்பாவே துறையிலிருந்து ஏற்றி வந்தார். கடைக்காரர் பெட்டியைத் திருப்பி, அதில் தாவர எண்ணெய் என்று போட்டிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். விரதகாரரே வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றும் சொன்னார். அம்மா அரைக் கிலோ வெட்டுவித்தார். அன்று இரவு அப்பா பாண் முழுவதையும் சாப்பிட்டார். அம்மா குசினிக் கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு வேலை. ஒன்று, அப்பாவின் பாணுக்கும் புட்டுக்கும் மாஜரின் போடுவது. பாணில் ஒரு விரல் தடிப்புக்குப் பூசுவேன். புட்டென்றால் குழி தோண்டி ஒரு கட்டியை உள்ளே வைத்து மூடிவிடுவேன். இரண்டாவது, அப்பா வெளியில் எங்காவது தேங்காய் தின்கிறாரா என்று பார்ப்பது. பள்ளிக்கூடம் விட்டதும் அவர் சாமான் பறிக்கும் கடைகளுக்குப் போய் நிற்பேன். ஊர் எனக்குப் பெயர் வைத்துவிட்டது. "சிஐடி வாறா, சம்பலை மூடுங்கோ" என்று கடைக்காரர் சத்தமாகச் சொல்லுவார். சனம் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். அப்பாவின் உயிர் என் கையில் இருக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தார்.

ஒரு நாள் பிடித்துவிட்டேன். செல்வமக்கா வீட்டுக் கல்வேலியின் இந்தப் பக்கம் அப்பா நின்றார், அந்தப் பக்கம் செல்வமக்கா. நடுவில் வேலிக்கு மேல் ஒரு கோப்பை: இடியப்பம், தேங்காய்ச் சம்பல், சொதி. அதுவும் எங்கள் வீட்டுத் திருவலையில் திருவிய தேங்காய். செல்வமக்கா என்னைக் கண்டுவிட்டு, "கொப்பர் பாவம் பிள்ளை, ஒரு நேரம்தானே, கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்றார். நான் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அப்பா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இனித் தேங்காய் தொடமாட்டன். போய் உன்ர மாஜரினைக் கொண்டா."

சொன்னபடி பிறகு அவர் தொடவில்லை. அவர் கேட்டு நடக்கிறார் என்ற சந்தோசத்தில் நான் இன்னும் கூடப் பூசினேன்.

கடலைக் குழப்புகிற சோளகக் காற்றுத் தொடங்க, அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. லான்ட்மாஸ்ரரை இரண்டு தரம், மூன்று தரம் சுழற்ற வேண்டியிருந்தது. ஒரு சாக்குப் பறித்தால் பெட்டியில் குந்திவிடுவார். அம்மா அதைப் பலவீனம் என்று கணக்கெடுத்தார். பலவீனத்துக்கு எங்களிடம் இருந்த மருந்து ஒன்றுதான். காலையில் ஒரு விரல் என்பது இரண்டு விரலானது.

ஒரு விடியப்புறம் அப்பா கதிரையில் இருந்தபடி இடது கையைத் தடவிக்கொண்டிருந்தார். சேர்ட் தண்ணீரில் தோய்த்தது போல நனைந்திருந்தது. நாடியும் தாடையும் உளைகிறது என்றார். பல்லுக்குத்து என்று நினைத்தோம். எழும்பப் பார்த்தார், ஏலவில்லை.

தீவு ஆசுப்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். கடல் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் நாளும் படகு ஓடவில்லை. அப்பாவை ஒரு சாக்குக் கட்டிலில் வைத்துத் துறைக்குக் கொண்டுவந்தோம். படகோட்டி கடலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், திரும்பவும் கடலைப் பார்த்தார்.

"அக்கா, இப்ப வெளிக்கிட்டா எல்லாரும் கடலோடை போவம். ஒரு மணித்தியாலம் பொறுங்கோ."

அந்த ஒரு மணித்தியாலம் போல ஒன்றை நான் பிறகு காணவில்லை. அம்மா அப்பாவின் நெஞ்சைத் தடவினார். நான் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் குளிர்ந்துகொண்டே போனது. கடைசியில் படகோட்டி சுருட்டை எறிந்துவிட்டு, "ஏத்துங்கோ" என்றார். அக்கரையில் குறிகட்டுவான் துறை வரும்வரை ஒவ்வொரு அலைக்கும் அப்பாவின் தலை பலகையில் அடிபடாமல் அம்மா மடியில் இறுக்கி வைத்திருந்தார். அங்கிருந்து வான். வேலணை தாண்டும்போது அப்பா கண் திறந்து, எங்கே நிற்கிறோம் என்று கேட்டார். அப்போதுதான் அம்மா அழுதார்.

பெரியாசுப்பத்திரியில் மூன்றாம் நாள் பேசக்கூடிய நிலைக்கு வந்தார். நான் கட்டிலருகே என் பையைத் திறந்தேன். புறப்படும்போதே பாண் வெட்டி, மாஜரின் பூசி, தாளில் சுற்றி வைத்திருந்தேன்; ஆசுப்பத்திரியில் அவருக்குப் பத்தியமாக என்ன கிடைக்குமோ என்ற பயத்தில். பாண் காய்ந்துவிட்டிருந்தது. மாஜரின் பூசியபடியே நின்றது. அந்த நேரம் பார்த்து டொக்டர் வந்தார். இளம் ஆள், எங்கள் பக்கத்துப் பேச்சு. பாணை வாங்கிப் பார்த்தார். இதுவா ஒவ்வொரு நாளும் என்று கேட்டார். நான் பெருமையோடு எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"தேங்காய் ஒரு துண்டும் குடுக்கேல்லை, டொக்டர். இது மரக்கறி எண்ணெயிலை செய்தது."

டொக்டர் கட்டிலின் விளிம்பில் இருந்தார்.

"அம்மா, மரக்கறி எண்ணெய் தண்ணியாத்தான் இருக்கும். அதை இறுகப் பண்ணித்தான் இப்பிடிக் கட்டியாக்கிறது. அப்ப அதின்ர குணம் மாறிப்போடும். உடம்பிலை கெட்ட கொழுப்பைக் கூட்டும், நல்லதைக் குறைக்கும். தேங்காயைக் குறைக்கச் சொன்னது பிழையில்லை. அந்த இடத்திலை இதை வைக்கச் சொல்லேல்லை."

சுருட்டும் இருக்கிறது, சீனியும் இருக்கிறது, இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல ஏலாது என்றும் சொன்னார். அது அம்மாவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, ஆனால் உதவவில்லை. பிறகு அவர் பேனையை எடுத்தார்.

"ஆர் இவ்வளவு பூசிக் குடுத்தது?"

அம்மா என்னைப் பார்த்தார். கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நான்தான் டொக்டர். கள்ளமா எடுத்துத் தின்டனான். இவையள் வேண்டாமெண்டுதான் சொன்னவை."

டொக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு எழுதினார். நான் வாய் திறக்கவில்லை.

ஆசுப்பத்திரியில் துண்டு வெட்டி அப்பாவை வீட்டுக்கு விட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருசம் இருந்தார். லான்ட்மாஸ்ரரைச் சுழற்ற அவரால் ஏலாமல் போனது, விற்றாயிற்று. நான் எட்டாம் வகுப்போடு நின்று ஒரு தையல் கடையில் சேர்ந்தேன். அம்மா கொஞ்சமாகத் தேங்காய் சேர்த்துச் சமைத்தார், கொஞ்சமாக மீன். மாஜரின் பற்றி வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. ஒரு முறை, கடைசிக் காலத்தில், "அப்பா, அண்டைக்கு டொக்டரிட்டை…" என்று தொடங்கினேன். "சோறு ஆறுது பிள்ளை, சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பெட்டி எங்கள் கடைகளில் இல்லை. சின்னப் பிளாஸ்ரிக் டப்பாவில் வருகிறது, தொட்டால் இளகுகிறது, எந்தக் கொழுப்பு எவ்வளவு என்று மூடியில் போட்டிருக்கிறார்கள். வாசிக்கிறவர்கள் வாசிக்கிறார்கள். செல்வமக்கா கனடாவில் பிள்ளைகளோடு. அம்மாவும் போன தையில் கண்ணை மூடிவிட்டார்.

அம்மாவின் அலுமாரியை ஒதுக்கும்போது அப்பாவின் ஆசுப்பத்திரி மட்டை கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒன்றுவிட்ட தங்கச்சியின் மகள் வாசித்துச் சொன்னாள்: வீட்டார் தடுத்தும் கேளாமல் நோயாளி தானாகவே அதிகம் கொழுப்பு உண்டார் என்று இருந்ததாம். "தாத்தா சரியான குழப்படிபோல, என்ன பெரியம்மா?" என்று சிரித்தாள்.

இல்லை. அவருக்குத் தந்ததை அவர் சாப்பிட்டார். பூசியது நான். வீட்டில் அதை அறிந்த மற்ற இரண்டு பேரும் இப்போது இல்லை. அன்று அவளிடமும் நான் வாய் திறக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.